கொடி காய்ச்சும் சோய் ரவா

காட்டுக்குள் ஏரிக்கரையில் இருக்கிற பாரிஹேமா ஊரில் படகை விட்டு இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சோய் ரவாவைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் அதை அவளுக்குப் புரிகிறபடி மாற்றிச் சொல்வார்.

"அந்தக் கொடியக் குடிச்சப்போ நீ என்னத்தப் பாத்தேன்னு கேக்குறாங்க."

"பானையப் பாத்தேன்னு சொல்லு. அடிப்பிடிக்காம இருக்கான்னு பாத்தேன்."

"அத எப்படி நான் சொல்றது? கண்ணு கலங்க ஒக்காந்திருக்காங்க பாரு."

"புகை அடிச்சிருக்கும். தள்ளி ஒக்காரச் சொல்லு."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஓனி என்று அந்தக் காட்டுச் சிபிபோ மக்கள் சொல்கிற, குடித்தால் கண்ணுக்குள் காட்சிகள் தோன்றுகிற அந்தக் கொடியைப் பல வருஷமாக அவள் காய்ச்சுகிறாள். ஒரு வாய் குடித்ததில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவுமில்லை. அந்த ஊரின் பழைய வழக்கத்தில் குடிப்பது வைத்தியம் பார்க்கிறவள். குடித்து, படுத்திருப்பவனின் உடம்புக்குள் நோய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அதைக் கிளப்புகிற பாட்டைப் பாடுகிறவளும் அவளே. நோயாளிக்கு வேலை, கொசுவலைக்குள் படுத்துக் கிடப்பது மட்டும். "கட்டில் செய்யறவன் உளியப் பிடிச்சாப் போதும், அதுல படுக்கறவன் உளிய முழுங்கணுமா?" என்று கேட்பாள் காசில்டா.

காசில்டாதான் பாரிஹேமாவின் வைத்தியச்சி. சோய் ரவாவின் கணவன் செனெனுக்கு மூத்த அக்கா. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். மதினிகள் என்பதால் ஒருத்தியை ஒருத்தி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்ள முடியாது. இருவரும் அந்த உரிமையை வீணாக்கியதே இல்லை.

சோய் ரவா பால்குடி மறக்காத குழந்தையாக இருந்தபோது, வெள்ளக் காலத்தில் அவளோடு அம்மா போன ஓடம் கவிழ்ந்துவிட்டது. தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆனால் பயம் குழந்தைக்குள்ளேயே தங்கிவிட்டது. மார்பில் வாய் வைக்கவில்லை. காசில்டாவின் அப்பாதான் அன்றைக்குக் கொடியைக் குடித்துவிட்டு, குழந்தையின் உச்சந்தலையில் புகையிலைப் புகையை ஊதி ஊதிப் பாடினார். விடிந்ததும் குழந்தை அம்மாவின் மார்பைத் தேடியது. "எனக்குப் பால் குடிக்கச் சொல்லிக்குடுத்தது கொடிதான்" என்று சோய் ரவா இன்றைக்கும் சொல்வாள்.

பெரியவளானதும் அவளிடம் ஊர் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. மற்றப் பெண்கள் பாவாடைத் துணியில் கோடு வரைந்தால் அது தானாக வளைந்து, தானாகத் திரும்பி, துணி முழுவதும் பாட்டாக ஓடும். இவள் வரைந்தால் கோடு நேராகப் போய் ஓரத்தில் முட்டி நிற்கும். "ஒன் பாவாடையக் கட்டிக்கிட்டு நடந்தா வழி தப்பிடும்" என்று காசில்டா சிரிப்பாள். மண்பானை வனைந்தால் ஒருபக்கம் சாயும். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வாய்த்திருந்தது: நெருப்பு. ஈர விறகோ காய்ந்த விறகோ, அவள் கைபட்டால் நெருப்பு சொன்னபடி கேட்கும். மரவள்ளியை வேகவைத்தால் குழையாது, மீனை இலையில் சுற்றிச் சுட்டால் இலை கருகும், மீன் கருகாது.

செனென் அவளைக் கட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்தான். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வரும்போது ஒரு கொசுவலை, ஒரு வெட்டுக்கத்தி, ஈரத்துணியில் சுற்றிய ஒரு முழக் கொடித்துண்டு, இவ்வளவுதான் கொண்டுவந்தான்.

"மாப்பிள வெறுங்கையோட வரல, குச்சியோட வந்திருக்காரு" என்றாள் மாமியார்.

செனென் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில், ஒரு இங்கா மரத்தின் காலடியில் அதை நட்டான். நட்டுவிட்டுப் புகை ஊதினான். கொடி மரத்தைப் பிடித்து ஏறியது. பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார் போய்ச் சேர்ந்தாள், கொடி தொடையளவு பருத்து, முறுக்கிக்கொண்டு மேலே போய் வானத்துக்குள் மறைந்துவிட்டது.

கொடி முற்றியதும் காசில்டாவுக்கு வேண்டியபோது செனென்தான் வெட்டிக் கொடுப்பான். அது அவர்கள் குடும்பத்து வழக்கம். நட்ட கை உயிரோடு இருக்கும்வரை அந்தக் கைதான் கொடியிடம் கேட்டு வெட்ட வேண்டும். வேறு கை பட்டால் கொடி பேசாமல் இருந்துவிடும். வெட்டியதைத் துண்டு போட்டு, தோல் சுரண்டி, கட்டையால் நசுக்கி, அதோடு சேர்க்கிற துணைச் செடியின் இலையோடு அடுக்கடுக்காகப் பானையில் வைத்து விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காய்ச்சுவது சோய் ரவாவின் வேலை. பானைக்குப் பக்கத்தில் ஊர்வம்பு பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது. காய்ச்சுகிறவள் அன்றைக்கு உப்பு, மிளகாய் தொடக் கூடாது, புருஷனோடு படுத்திருக்கக் கூடாது.

"கடைசி ஒண்ணு சரியா, மதினி?" என்று ஒவ்வொரு தடவையும் காசில்டா சத்தமாகக் கேட்பாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறபடி.

"ஒன் தம்பியக் கேளு. சலிச்சுப்போய் மீன் பிடிக்கப் போயிருக்காரு."

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வீட்டில்தான் அந்த நோய் வந்து விழுந்தது.

ஆற்றின் மேல்பக்கம் மரம் வெட்டுகிற ஒரு கூட்டத்தோடு செனென் ஒரு வறட்சிக் காலம் வேலைக்குப் போனான். வெட்டிய மரங்களை ஓடைக்கு இழுத்து வர ஒரு தடம் போட்டார்கள். தடத்தின் நடுவில் ஒரு லுபூனா மரம் நின்றது. பிள்ளைத்தாச்சி மாதிரி நடுவயிறு புடைத்த மரம் அது. அதற்குள் ஒரு தாய் குடியிருக்கிறாள், அதன் நிழலில் மூத்திரம்கூடப் போகக் கூடாது என்று சின்னப் பிள்ளையிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தை விற்கப் போவதில்லை. சுற்றிப் போனால் தடம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். செனென் ரம்பத்தை வைத்தான். மரம் விழுந்தது. தடம் நேராகப் போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு வயிறு உப்பியது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. படுத்தால் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மரம் சாய்கிற சத்தம் கேட்கிறது என்றான். தன் வெட்டுக்கத்தியைத் தூக்கி வீட்டுக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டான். மரவள்ளிச் செடியைப் பிடுங்குவதற்குக்கூட வெறுங்கையால் மண்ணைத் தோண்டினான்.

மூத்த மகள் மிரேயா புகால்பா நகரத்தில் இருக்கிறாள். அவள் வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் பிடித்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. அந்த இளம் டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில், "ஒங்க ஊர்ல பாடுறவங்க இருக்காங்களா? இருந்தா அவங்ககிட்டயும் காட்டுங்க. ரெண்டும் இருக்கட்டும்" என்றார். சோய் ரவா அந்த டாக்டருக்கு அடுத்த படகிலேயே ஒரு தார் வாழை கொடுத்தனுப்பினாள்.

காசில்டா தம்பியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"மரத்தோட தாய் பிடிச்சிருக்கா. குடிச்சுப் பாத்தாத்தான் விடுவாளா மாட்டாளான்னு தெரியும். கொடி வேணும்."

காசில்டாவின் சொந்தக் கொடி போன வெள்ளத்தில் அழுகிப்போயிருந்தது. சுற்றுவட்டாரத்தில் காட்டோரம் இருந்ததையெல்லாம் நகரத்து வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முற்றின கொடி என்று இருந்தது மேட்டில் ஏறியிருந்த செனெனின் கொடி ஒன்றுதான்.

"வெட்டிக் குடுடா தம்பி."

"வேணாம்க்கா."

"ஒனக்குத்தாண்டா."

"எனக்குத்தான் வேணாங்கிறேன். நான் வெட்டினது போதும்."

செனென் ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். காசில்டா திட்டினாள், கெஞ்சினாள், செத்துப்போன அப்பாவை இழுத்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் படி இறங்கும்போது சோய் ரவாவின் கையைப் பிடித்து, "எலும்பா ஆயிட்டான் மதினி. ரொம்ப நாள் தாங்காது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

சோய் ரவாவுக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். மீன் சாறு வைத்துக் கொடுத்தாள், மூன்று மடக்கு குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினான். பழவாழையைக் கரைத்துக் கொடுத்தாள், அதையும் நகர்த்தினான். ஒரு காலையில் அவன் வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனதும், அவள் அடுப்படியில் கிடந்த மீன் அரிகிற கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

கூரையிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்திருக்கலாம். ஆனால் ஓலை சரசரத்தால் அவன் திரும்பிப் பார்ப்பான் என்று பயம். மீன் கத்தியால் தொடையளவு கொடியை அறுப்பது லேசான காரியமில்லை. அறுத்தாள், திருகினாள், தொங்கினாள், காலால் உதைத்தாள். நார் நாராகப் பிய்ந்து வந்தது. புகை ஊத வேண்டும் என்பது ஞாபகம் வந்தபோது கையில் சுருட்டு இல்லை. "கோவிச்சுக்காத, அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

காசில்டா வீட்டுப் பின்னால் பானை ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தம்பிதான வெட்டுனான்?"

"வேற யாரு வெட்டுவா?" என்று சோய் ரவா அடுப்புக்குள் முகத்தை வைத்து ஊதினாள். ஊத வேண்டிய அவசியமே இல்லாமல் நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பு அது.

காசில்டா அன்றைக்குக் குடித்தாள். மறுநாள் பொழுது விடிந்ததும் முகம் வெளுத்து வந்து, சோய் ரவாவின் வீட்டுப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்ன மதினி?"

"என்னத்தச் சொல்ல? வாந்தி வந்துச்சு. வயித்தால போச்சு. பாட்டு மட்டும் வரல. கொடி எதிர்ல ஒக்காந்து வாயே தொறக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்ட மாமியா மாதிரி இருந்துச்சு. நெசமாச் சொல்லு, யாரு வெட்டுனது?"

சோய் ரவா பாவாடையின் ஓரத்தைத் திருகினாள். "நாந்தான்."

"எத வெச்சு?"

"மீன் கத்தி."

காசில்டாவின் உடம்பு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று சோய் ரவா பயந்துபோய்க் குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள்.

"காட்டுக்கே அம்மா அது. அதப் போயி மீனாட்டம் அரிஞ்சிருக்கியே. செதில் எடுத்தியா, இல்லையா?"

"சிரிக்காத மதினி. வேற வழி தெரியல."

"எனக்கு ஒரு ராத்திரி வயித்தால போனதுதான் மிச்சம். வா, என்ன பண்ணி வெச்சிருக்கன்னு பாப்போம்."

இருவரும் மேட்டில் ஏறினார்கள். செனென் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. அவனும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னாலேயே மெதுவாக ஏறி வந்தான். சோய் ரவா திரும்பிப் பார்த்தபோது அவன் கொடியின் முன்னால் நின்றிருந்தான்.

வெட்டுவாய் பார்க்கச் சகிக்கவில்லை. முழங்காலுக்கு மேல் சாய்வாக ஒரே வெட்டாக விட்டால் மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இவள் தரையை ஒட்டி, எலி கடித்த மாதிரிக் குதறி வைத்திருந்தாள். நார் தொங்கியது. குழிவில் தண்ணீர் தேங்கி, எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. அந்தப் பெரிய கொடியில் பல தண்டுகள் உண்டு, ஒன்றைத்தான் அவள் குதறியிருந்தாள். ஆனாலும் அழுகல் ஒன்றில் பிடித்தால் எல்லாவற்றுக்கும் போகும்.

"நீயா?" என்றான் செனென்.

"ஆமா."

"இப்படியா வெட்டுவாங்க?"

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவன்தான் வெட்ட மாட்டேங்கிறானே."

காசில்டா அவள் முழங்கையை இடித்தாள், பேசாதே என்று. செனென் குனிந்து வெட்டுவாயை விரலால் தடவினான். எறும்பை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டான். தொங்கிய நாரைக் கையால் பிய்க்கப் பார்த்தான், வரவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான், அதுவும் வரவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்குப் போனான். கூரை ஓலை சரசரக்கிற சத்தம் கேட்டது. அடுத்து ஏரிக்கரைக் கல்லில் இரும்பு உரசுகிற சத்தம்.

அவன் வந்தான். கத்தியை வைத்தான், எடுத்தான், நெற்றி வியர்வையைத் துடைத்தான். ஒரே வீச்சு. குதறல் கழன்று விழுந்தது. வெட்டுவாய் சாய்வாக, வழுவழுவென்று, நடுவில் பூ விரிந்த மாதிரி இதழ் இதழாகத் தெரிந்தது. அடுப்புச் சாம்பலைக் களிமண்ணில் குழைத்துத் தரச் சொன்னான். சோய் ரவா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவன் அதை வெட்டுவாயில் பூசி, வாழைநாரால் கட்டினான். கட்டும்போது வழக்கம்போல வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் கேட்காமலே போயிருந்த அந்த முணுமுணுப்பை எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்டதும், சோய் ரவா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

"புகை குடு" என்றான்.

காசில்டா தன் இடுப்பிலிருந்த சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தாள். அவன் கொடியின் அடியில் ஊதினான், தண்டில் ஊதினான், மேலே பார்த்து ஊதினான். அப்புறம் பேசத் தொடங்கினான். அக்காவிடமோ மனைவியிடமோ இல்லை, கொடியிடம்.

"அது ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னுச்சு. சுத்திப் போயிருக்கலாம். எல்லாருக்கும் தெரியும் சுத்திப் போகலாம்னு. நேராப் போனா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு நெனச்சேன். சீக்கிரம் போயி நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுமில்ல. படுத்துத் தூங்குனேன். அவ்வளவுக்குத்தான் வெட்டுனேன்."

கொஞ்சம் இருமினான்.

"அந்தத் தாய்கிட்ட நான் நேரடியாப் பேச முடியாது. நீ பேசு. நீயும் காட்டுலருந்து வந்தவ. நான் நட்டவன் கேக்குறேன்."

பிறகு கொடியைத் தட்டி, "இங்கயா, இங்கயா?" என்று கேட்டுக்கேட்டு, பக்கத்துத் தண்டில் ஒரு முதிர்ந்த துண்டை வெட்டினான். வெட்டியதைத் தோளில் தூக்க முடியவில்லை. சோய் ரவா ஒரு முனையைப் பிடித்தாள். காசில்டா முன்னால் நடந்துகொண்டே, "பாத்து வாங்க, கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த நாள் கொடியைக் காய்ச்சினார்கள். தோலைச் சுரண்டுகிற வேலையைச் செனென் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். உட்கார்ந்தபடி ஒவ்வொரு துண்டாகச் சுரண்டி அவள் பக்கம் நகர்த்தினான். அவள் கட்டையால் நசுக்கினாள். பானைக்குப் பக்கத்தில் ஊர்வம்பு பேசக் கூடாது என்பதால் இருவரும் மிளகாய்ச் செடிக்கு வந்த பூச்சியைப் பற்றியும், பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் பேசினார்கள். நுரை பொங்கி அடங்கியது. மதியத்துக்குள் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வந்தது. சாயங்காலம் வடிகட்டிச் சுண்டவைத்தபோது பனங்கூழ் மாதிரி கரண்டியில் ஒட்டி விழுந்தது.

"இது பேசும்" என்றாள் காசில்டா, மோந்து பார்த்துவிட்டு.

அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று சோய் ரவாவைக் கேட்டுப் பிரயோசனமில்லை. கொசுவலைக்குள் செனெனின் தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். காசில்டாவின் முதல் பாட்டு தொடங்கியது அவளுக்குத் தெரியும். மெல்லிய குரலில், தண்ணீருக்கு மேலே ஒரு நூலை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி அது போனது. தான் பால் குடிக்காமல் கிடந்தபோது காசில்டாவின் அப்பா பாடிய பாட்டின் இன்னொரு வளைவாக இருக்குமோ என்று தோன்றியது. அது தோன்றியதோடு சரி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டாள். புருஷன் படுத்த நாளிலிருந்து அவளும் தூங்கியிருக்கவில்லை.

விழித்தபோது கூரை இடுக்கில் வெளிச்சம். காசில்டா குரல் கம்மிப்போய், கால் நீட்டி, தூணில் சாய்ந்திருந்தாள்.

"குறட்ட விட்ட மதினி. என் பாட்டுக்குத் தாளம் போட்ட மாதிரி."

"அவரு?"

"அந்தத் தாய் விட்டுட்டா. லேசுல விடல. மரத்தோட வயித்துல இருந்த என் பிள்ளய நீ பெத்துக் குடுப்பியான்னு கேட்டா. கொடிதான் நடுவுல நின்னு பேசுச்சு. அந்த எடத்துல இனிமே தடம் போகக் கூடாதாம், காடு மூடட்டுமாம். இவன் அந்தப் பக்கம் ரம்பத்தோட தலைவெச்சுப் படுக்கக் கூடாதாம். உப்பு, மிளகா, பன்னிக்கறி எதுவும் கிடையாது. ரெண்டு நிலா கழியட்டும். நீயுந்தான் கிடையாது."

"கடைசிய மெதுவாச் சொல்லக் கூடாதா?"

"ஊருக்குத் தெரியட்டும்."

செனென் கண்ணைத் திறந்தான். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதாவது குடிக்க இருக்கிறதா என்று கேட்டான். சோய் ரவா பழவாழைக் கரைசலைக் கொண்டுவந்தாள். அவள் கண்முன்னால் அவன் கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினான். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் சுருண்டு படுத்தான். கண்ணை மூடினான். அவள் காத்திருந்தாள், சத்தம் கேட்கிறது என்று எழுந்துவிடுவானோ என்று. எழவில்லை. மூச்சு நீளமாக, ஆழமாக வந்தது.

அவள் கிண்ணத்தோடு மேட்டில் ஏறினாள். கொடிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. புகை ஊதவும் பாடவும் தெரிந்தவர்கள் வேறு. "நல்லா இரு தாயி" என்றாள். சாம்பல் பூசிய கட்டு நனையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை, "நல்லா இரு" என்றாள்.

அப்போதுதான் கீழே கரையில் ஆள் அரவம் கேட்டது. படகுக்காரன் எலேயோதோரோவின் சந்தைப் படகு புறப்படத் தயாராக இருந்தது. பெண்களும் வாழைத்தாரும் கோழிகளுமாகப் படகு நிறைந்திருந்தது. அவன் மோட்டார் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த மோட்டார் போட்டால் பாரிஹேமா முழுக்க அதிரும். துறை சரியாக அவள் வீட்டுக்குக் கீழே.

சோய் ரவா மேட்டிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

"எலேயோ, போடாத. போடாத."

"என்ன சோய்க்கா? சந்தைக்கு நேரமாச்சு."

"தூங்குறாரு."

"யாரு?"

"அவருதான். தூங்குறாரு."

எலேயோதோரோ கயிற்றைக் கையிலிருந்து கழற்றினான். படகிலிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் வீட்டைப் பார்த்தார்கள். செனெனின் வயிறு எப்படி இருந்தது என்று அங்கே தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் கோழியைப் பாவாடைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். எலேயோதோரோ படகின் அடியிலிருந்து துடுப்பை உருவினான்.

"எதுவரைக்கும் துடுப்பு போடணும்?"

"வளைவு தாண்டுற வரைக்கும்."

"வளைவா? இந்தச் சுமைய வெச்சுக்கிட்டு? என் வயித்துக்கு எந்த மதினி பாடுவா?"

"காசில்டாகிட்டச் சொல்லி வெக்கிறேன். போ."

அவர்கள் போனார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குசுகுசுவென்று பேசிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னாலேயே மீன்காரர்களின் படகு வந்தது. அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னால் போனவர்கள் கையைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வாத்தியாரின் படகு. வாத்தியாருக்குத் துடுப்பு சரியாகப் போட வராது. படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நேரானது.

ஒவ்வொருவருக்கும் என்ன சொல்வது என்று சோய் ரவாவுக்குத் தெரியவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். வந்த படகையெல்லாம் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, ஆழத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.